பழைய மீன் தொட்டியில் பாம்பு: மலையகக் குளிரில் வரும் கோளாறுகளும் சரிசெய்யும் வழியும்

எங்கள் வீட்டு இஸ்தோப்பில் பல வருடம் சும்மா கிடந்தது அந்தத் தொட்டி. அப்பா வேலை செய்த தோட்டத்துப் பங்களாவில் பழைய சாமான்களைக் கழித்தபோது வாங்கி வந்தார். மூன்று அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், அதே அளவு உயரம். ஆங்கிள் இரும்பில் செய்த சட்டம், நான்கு பக்கமும் கண்ணாடி, அடியில் கறுப்புச் சிலேட்டுக் கல். மூலைகளில் சிலிக்கன் கிடையாது, கல்லாக இறுகிப்போன புட்டிதான். சிலிக்கன் ஒட்டு புழக்கத்துக்கு வருமுன் மீன் தொட்டிகளை இப்படித்தான் செய்தார்கள். இப்போது அதற்குள் மாதுளை இருக்கிறாள். மகள் வைத்த பெயர் அது. வட அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த சோளப் பாம்பு, விஷமில்லாதது, செம்மஞ்சள் உடம்பில் சிவப்புத் திட்டுகள்.

தொட்டியைத் தொடுமுன் ஒரு காரியம். கொழுந்து மலையில், கானில், விறகுக் கட்டில் கண்ட பாம்பைப் பிடித்து வந்து வளர்க்கலாம் என்ற எண்ணத்தோடு இதை வாசித்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதற்கு இடம் தராது. நம் காட்டுக்கும் அது கேடு. வெளிநாட்டுப் பாம்பு என்றாலும் கடதாசி வேண்டும். மாதுளையை முன்பு வளர்த்தவர் நாட்டை விட்டுப் போகும்போது ஒப்படைத்தார். அனுமதிக் கடதாசிகளைக் கையில் வாங்கி, வனஜீவராசிகள் திணைக்களத்தில் காட்டி, எழுத்தில் பதில் வந்த பிறகுதான் அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். 'கடதாசி எல்லாம் எதற்கு அண்ணே, யார் பார்க்கப் போகிறார்கள்' என்று விற்பவர் சொன்னால் அந்த இடத்திலேயே திரும்பிவிடுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். மீன் தொட்டி தண்ணீரை உள்ளே பிடித்து வைப்பதற்காகச் செய்யப்பட்டது. பாம்புக்கு வேண்டியது சூட்டைப் பிடித்து வைத்து ஈரத்தை வெளியே விடும் பெட்டி. கொழும்பில் இந்த இரண்டுக்கும் இடையே பெரிய சண்டை இல்லை. 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவிலும் அதற்குக் கீழே ஹட்டன், தலவாக்கலைப் பக்கமும் சண்டைதான். இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் ஹீட்டர் போட்ட, காற்று உலர்ந்த வீடுகளுக்கு எழுதியவை. அதை அப்படியே இங்கே செய்து நான் பட்ட பாடுதான் கீழே வருவது. பாம்பில் ஏதாவது கோளாறு தெரிந்தால் முதலில் பெட்டியைச் சந்தேகியுங்கள்.

வெப்பமானி 29 காட்டுகிறது, பாம்பு மரக்கட்டை மாதிரிக் கிடக்கிறது

முதல் வாரம் இதுதான் நடந்தது. கண்ணாடியில் ஒட்டும் வட்ட வெப்பமானியை உள்ளே மேல் பக்கமாக ஒட்டியிருந்தேன். முள் 29இல் நின்றது. பாம்போ தொட்டால் சில்லென்று இருந்தாள், நாக்கைக்கூட நீட்டவில்லை. ஒருநாள் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, வயர் நுனியில் சென்சர் உள்ள டிஜிட்டல் வெப்பமானி ஒன்றை அவள் படுத்திருந்த இடத்திலேயே தரையில் வைத்தேன். எண் இறங்கிக்கொண்டே வந்தது. 24, 21, 19. கடைசியில் 17.4இல் நின்றது. சூடான காற்று மேலே நிற்க, பாம்பு வாழும் தரை குளிர்ந்து கிடந்திருக்கிறது.

வெப்பமானி தரை மட்டத்தில் இருக்கட்டும், அதுவும் இரண்டாக: சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர்ப் பக்கம் ஒன்று. சோளப் பாம்புக்குச் சூட்டுப் பக்கத்துத் தரை 30 முதல் 32 பாகை, குளிர்ப் பக்கம் 22 முதல் 24 வரை இருந்தால் நல்லது. இரவில் குளிர்ப் பக்கம் 20 வரை இறங்கலாம். இரண்டு பக்கமும் ஒரே சூடாக இருப்பதும் கோளாறுதான், ஏனென்றால் பாம்பு தன் உடம்புச் சூட்டை இடம் மாறித்தான் சரிசெய்துகொள்கிறது. குளிரவும் இடம் வேண்டும்.

அடுத்து, சூடு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அடியில் சாதாரணக் கண்ணாடி உள்ள தொட்டி என்றால் கீழே ஹீட் மேட் (கரண்டில் சூடாகும் மெல்லிய விரிப்பு) ஒட்டலாம். தொட்டியின் நான்கு மூலைக்கும் ரப்பர் பாதம் வைத்து மேசையிலிருந்து அரை அங்குலம் தூக்கிவிடுங்கள். இடைவெளி இல்லாவிட்டால் சூடு தேங்கி ஒருநாள் 'டிக்' என்று கண்ணாடி வெடிக்கும். ஆனால் ஹீட் மேட் தரையைத்தான் சூடாக்கும், காற்றைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. அறையே 14, 15 பாகையில் இருக்கும் மார்கழி, தை மாத இரவுகளில் அது மட்டும் காணாது.

எங்களுடையதைப் போல் சிலேட்டுக் கல் அடி என்றால் மேட் வேலைக்கே ஆகாது. அவ்வளவு தடித்த கல்லைத் தாண்டிச் சூடு மேலே வருவதற்குள் பொழுது விடிந்துவிடும். மேலிருந்து சூடு கொடுங்கள். வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர் பல்பை, வலை மூடிக்கு மேலே, தொட்டியின் ஒரு ஓரமாகத் தகரக் குடைக்குள் மாட்டினேன். ஹோல்டர் பீங்கானில்தான் இருக்க வேண்டும், பிளாஸ்டிக் உருகிவிடும். இப்படிச் செய்த பிறகு அந்தக் கல்லே நமக்குத் துணை. பகலெல்லாம் சூட்டைக் குடித்து வைத்துக்கொண்டு, கரண்ட் போனாலும் மெதுவாக விட்டுக்கொண்டிருக்கும். மாதுளை சாப்பிட்ட பிறகு வயிற்றை அந்தக் கல்லில் ஒட்ட வைத்துக்கொண்டு படுப்பதைப் பார்த்தால், பழைய தொட்டியை எறியாமல் விட்டது எவ்வளவு நல்லது என்று தோன்றும்.

இத்தனைக்குப் பிறகும் சூடு ஏறவில்லை என்றால் கண்ணாடி வழியாகப் போகிறது என்று அர்த்தம். பின்பக்கத்துக்கும் ஒரு ஓரத்துக்கும் வெளியே அரை அங்குல ரிஜிபோம் (வெள்ளை நுரைப் பலகை) வெட்டி ஒட்டுங்கள். பல்புக்குக் கிட்டே மட்டும் வேண்டாம், ரிஜிபோம் சட்டென்று தீப்பிடிக்கும். தொட்டியை வெளிச் சுவரை ஒட்டி வைத்திருந்தால் உள்சுவர்ப் பக்கம் மாற்றுங்கள். இந்த ஒரு மாற்றம் எங்கள் வீட்டில் இரண்டு பாகை கூட்டியது.

ஒரு பக்கம் கண்ணாடியில் தண்ணீர் வடிகிறது, அதே பாம்புக்குத் தோல் உரியாமல் காய்ந்து ஒட்டுகிறது

இந்தக் கோளாறு எனக்கு மூன்று மாதம் புதிராக இருந்தது. குளிர்ப் பக்கத்தில் விடிந்ததும் கண்ணாடி முழுக்கப் பனி, மூலையில் விரித்திருந்த தும்புத் தூளில் வெள்ளைப் பூஞ்சணம். ஈரம் அதிகம் என்று தண்ணீர்க் கோப்பையைச் சின்னதாக்கினேன். அடுத்த முறை தோல் உரித்தபோது அது துண்டு துண்டாகப் பிய்ந்து, வால் நுனியில் மோதிரம் மாதிரி இறுகிவிட்டது. தோல் அப்படி ஒட்டினால் பெரும்பாலும் காற்று காய்ந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். ஒரே பெட்டிக்குள் இரண்டும் எப்படி?

கணக்குப் போட்டால் விளங்கும். 15 பாகையில் ஒரு கனமீற்றர் காற்று ஏறத்தாழ 13 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 28 பாகையில் 27 கிராம் தாங்கும். வெளியே 15 பாகையில் 80 வீத ஈரப்பதனோடு நனைந்து நிற்கும் மலைக் காற்றில் 10 கிராம் சொச்சம் இருக்கிறது. அதே காற்று தொட்டிக்குள் வந்து 28 பாகைக்குச் சூடேறினால் ஈரப்பதன் 40 வீதத்துக்கும் கீழே போய்விடும். பல்புக்கு அடியில் பாலைவனம். அங்கே கோப்பையிலிருந்தும் தும்பிலிருந்தும் கிளம்பும் ஆவி, குளிர்ந்த கண்ணாடியில் பட்டதும் தண்ணீராகிறது. அப்போது குளிர்ப் பக்கம் சதுப்பு நிலம். ஈரப்பதன் மானியை நடுவில் ஒன்றே ஒன்று வைத்தவர்களுக்கு, 50 வீதம் என்று நல்ல பிள்ளை மாதிரி அது பொய் சொல்லும்.

தண்ணீரைக் கூட்டிக் குறைத்து இதைத் தீர்க்க முடியாது. காற்று ஓட வேண்டும். மீன் தொட்டிக்கு மேல் வாய் மட்டும்தான் திறப்பு, கீழே காற்று புகுவதற்கு வழியே இல்லை. புதிய தொட்டி என்றால் டயமண்ட் பிட் போட்டுக் கண்ணாடியில் துளையிட வேண்டும், அதுவும் பதமேற்றிய கண்ணாடி என்றால் துளையிட்ட கணமே பொடியாகிவிடும். இங்கேதான் பழைய இரும்புச் சட்டத் தொட்டி கைகொடுக்கிறது. அதன் கண்ணாடிகளைத் தனித்தனியாகக் கழற்றலாம். இனி தண்ணீர் நிற்கப் போவதில்லை என்பதால் நான்கும் கண்ணாடியாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

குளிர்ப் பக்கத்துச் சின்னக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் 12 மில்லிமீற்றர் மரீன் பிளைவுட் பலகை போட்டேன். தரையிலிருந்து மூன்று அங்குலத்துக்கு மேலே, விரித்த தூள் மூடாத உயரத்தில், இரண்டு வரிசை சின்னத் துளைகள். உட்பக்கம் ஸ்டெயின்லெஸ் வலை. கீழே குளிர்ப் பக்கமாகக் காற்று புகுந்து, தரையைத் தடவிக்கொண்டு போய், சூட்டுப் பக்கத்து மூடி வலை வழியாக மேலே வெளியேறும். முதல் இரவிலேயே கண்ணாடிப் பனி பாதியாகக் குறைந்தது. வயர் நுழைக்கவும் அந்தப் பலகைதான் உதவுகிறது.

பழைய புட்டியைக் கழற்றுவதில் மட்டும் அவசரம் வேண்டாம். அந்தக் காலத்துப் புட்டியில் ஈயச் செந்தூரம் என்ற நச்சுப் பொடி கலந்திருக்கலாம். அரத்தாலோ மணற்கடதாசியாலோ உலர்வாக உரசக் கூடாது, சூட்டுத் துப்பாக்கி பிடிக்கவும் கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்து, சின்ன உளியால் துண்டு துண்டாகத் தட்டி எடுங்கள். கையுறை, முகக்கவசம், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மூன்றும் வேண்டும். பிள்ளைகள் பக்கத்தில் நிற்கக் கூடாது. விழுந்ததை ஈரமாகவே பொறுக்கிப் பையில் கட்டுங்கள். எனக்கு ஒரு பக்கத்துக்கு முழு ஞாயிற்றுக்கிழமை போனது.

தோல் உரியும் காலத்துக்குத் தனி ஏற்பாடு செய்யுங்கள். ஐஸ்கிரீம் டப்பா ஒன்றின் மூடியில் வட்டமாக ஓட்டை போட்டு, வெட்டிய விளிம்பை வழவழப்பாக்கி, உள்ளே நனைத்துப் பிழிந்த கிச்சன் பேப்பரை வைத்து நடுப் பகுதியில் வைத்துவிடுங்கள். கண் பால் நிறமானதும் அவளே தேடிப் போய்ப் புகுந்துகொள்வாள். ஈரத்தை ஒரு டப்பாவுக்குள் அடைத்துவிட்டால் பெட்டி முழுவதையும் நனைக்க வேண்டியதில்லை. ஒட்டிய தோலை விரலால் பிய்க்காதீர்கள், கண்ணின் மேல் ஒட்டியதைத் தொடவே கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணிப்பைக்குள் அரை மணித்தியாலம் விட்டு, நீங்கள் பக்கத்திலேயே இருந்தால், உடம்புத் தோல் தானாகக் கழன்றுவிடும். கண் தோல் அடுத்த முறையும் கழலாவிட்டால் மிருக வைத்தியரிடம் போகலாம்.

பூஞ்சணம் வந்த தும்புத் தூளை வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடாமல் எறிந்துவிடுங்கள். மழைக் காலத்தில், அதாவது மேற்குச் சரிவில் இருப்பவர்களுக்கு மே முதல் செப்டெம்பர் வரை, நான் பத்திரிகைத் தாள்தான் விரிக்கிறேன். பார்க்க அழகில்லை. ஆனால் நனைந்தால் உடனே தெரியும், மாற்ற ஐந்து நிமிடம்.

இரும்புச் சட்டத்தைத் தொட்டால் விரலில் 'சுரீர்' என்கிறது

கையை எடுங்கள், பிளக்கைக் கழற்றுங்கள், மற்றதெல்லாம் பிறகு. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். பழைய தொட்டியின் இரும்பு விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், வயர் அதில் உரசி உரசித் தோல் போய்விடும். எங்கள் வீட்டில் மூடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் நசுங்கியிருந்தது. ஈரமான தரையில் வெறுங்காலோடு நின்று தொட்டிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

காயம்பட்ட வயரை டேப் சுற்றிச் சமாளிக்காமல் புதிதாக மாற்றுங்கள். வயர் போகும் ஒவ்வொரு துளைக்கும் ரப்பர் வளையம் போடுங்கள். இரும்புச் சட்டத்துக்கு எர்த் கொடுக்கவும், வீட்டு ட்ரிப் சுவிட்ச் உண்மையிலேயே விழுகிறதா என்று பார்க்கவும் மின்வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். பழைய லயங்கள் (தோட்டத்து வரிசை வீடுகள்), குவாட்டர்ஸ்கள் பலவற்றில் எர்த் கம்பி இருக்கும், ஆனால் எங்கும் போய்ச் சேராது. அதைச் சோதிக்காமல் இரும்புத் தொட்டியில் கரண்ட் வைக்காதீர்கள்.

வயிற்றுச் செதிலில் சிவப்பு, அல்லது சூட்டுப் பக்கம் போகவே மாட்டேன் என்கிறது

வெந்திருக்கலாம். ஹீட்டர் தெர்மோஸ்டாட் (வைத்த சூட்டுக்கு வந்ததும் ஹீட்டரை நிறுத்தும் கருவி) இல்லாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். இருந்தும் இப்படி என்றால் சென்சரைத் தேடுங்கள். பெரும்பாலும் அது இடம் மாறியிருக்கும். பாம்பு தள்ளிக்கொண்டு குளிர்ப் பக்கம் போட்டிருக்கும், அல்லது தண்ணீர்க் கோப்பைக்குள் விழுந்திருக்கும். குளிர்ந்த தண்ணீரில் கிடக்கும் சென்சர் 'இன்னும் சூடாகவில்லை' என்றே சொல்லிக்கொண்டிருக்கும், ஹீட்டரும் ஓயாமல் எரியும். சென்சரைச் சூட்டுப் பக்கத்துத் தரையில், பாம்பு இழுக்க முடியாதபடி கிளிப்பால் இறுக்குங்கள். பாம்பின் உடம்பு படும் இடத்தில் செலோடேப் வேண்டாம், செதிலில் ஒட்டிக்கொண்டால் தோலோடுதான் வரும். தெர்மோஸ்டாட்டைத் தவிர தனி வெப்பமானி ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

செராமிக் பல்பைத் தொட்டிக்கு உள்ளே மாட்டியிருந்தால் இன்றைக்கே வெளியே எடுத்துவிடுங்கள். சோளப் பாம்பு நன்றாக ஏறும், சூடான பல்பைச் சுற்றிக்கொள்ளும், சுடுகிறது என்று உடனே விலகாது. சூடாக இருக்கும் பல்பின் மேலும் சூடான கண்ணாடியின் மேலும் தண்ணீர் தெளிப்பதும் கூடாது. கொப்புளம் தெரிந்தால் வீட்டு மருந்து எதுவும் பூசாமல் வைத்தியரிடம் போங்கள்.

காலையில் பார்த்தால் தொட்டி காலி

மூடிதான் காரணம். மீன் தொட்டி மூடி தூசிக்கும் துள்ளும் மீனுக்கும் செய்தது. பாம்பு இரவு முழுக்க விளிம்பு விளிம்பாக மூக்கால் தள்ளிப் பார்க்கும். மேலே அகராதியும் கல்லும் வைத்துச் சமாளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருநாள் மறந்தால் போதும். சட்டத்தின் மேல் விளிம்பில் கச்சிதமாக உட்காரும் மரச்சட்ட மூடி, ஒரு பக்கம் கீல், மறுபக்கம் கொண்டியும் சின்னப் பூட்டும், இதுதான் ஏற்பாடு. வலை ஸ்டெயின்லெஸ் அல்லது அலுமினியம். நைலோன் நுளம்பு வலை கிழியும், கோழிக்கூட்டு வலையின் கண் பெரிது. குட்டி பென்சில் பருமன்தான் இருக்கும், தலை நுழைந்த இடத்தில் உடம்பும் நுழையும்.

தேடும்போது கதவுக்குக் கீழே துணியை அடையுங்கள். பிரிட்ஜின் பின்பக்கம், அடுப்படி, விறகுச் சந்து, துணி மூட்டை என்று சூடும் இறுக்கமுமான இடங்களை முதலில் பாருங்கள். ராத்திரி படுக்குமுன் சுவரோரமாக மெல்லிய மாவுக் கோடு போட்டு வையுங்கள், எந்தப் பக்கம் போகிறது என்று காலையில் தடம் சொல்லும்.

இரண்டு விஷயம் அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டில் அல்லது முற்றத்தில் ஒரு பாம்பைக் கண்டதும் 'நம்முடையதுதான்' என்று கை நீட்டாதீர்கள். கோப்பி விரியன் நம் மலைப் பக்கம் சருகுக்குள் கிடக்கும், சின்னது, பழுப்பு நிறம், கடித்தால் விளையாட்டில்லை. டோர்ச் அடித்துத் தலையையும் நிறத்தையும் நிச்சயப்படுத்திய பிறகுதான் எதுவும். கடித்துவிட்டால் வெட்டாமல், கட்டாமல் 1990க்கு அழைத்து அம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மற்றது, லயத்துக் காம்பராவில் பாம்பு வளர்க்க வேண்டாம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். பல லயங்களில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. உங்கள் காம்பராவில் மேலே ஏறியது, நான்காவது வீட்டில் பச்சைப்பிள்ளை தூங்கும் தொட்டிலுக்கு மேலே இறங்கலாம். விஷமில்லாத பாம்பு என்று உங்களுக்குத் தெரியும், அந்தத் தாய்க்குத் தெரியாது. அவள் பயந்து அடித்துக் கொன்றால் குற்றம் அவளுடையதல்ல. தனி வீட்டில் இருப்பவர்களும் அக்கம்பக்கத்துக்குச் சொல்லிவையுங்கள், ஒருமுறை கூட்டிவந்து காட்டுங்கள். நாங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்கு மாதுளையைக் காட்டியபோது வாசற்படியைத் தாண்டி வரவே இல்லை. இப்போது அவர்தான் 'இன்றைக்குக் குளிர் கூட, பாப்பாவுக்குச் சூடு போட்டாச்சா தம்பி' என்று கேட்கிறார்.

மூடியைத் திறந்தால் மூக்கில் ஏறும் வாடை

வினாகிரி வாடை என்றால் புதுச் சிலிக்கன் இன்னும் காயவில்லை. குளிரில் மெதுவாகத்தான் காயும், வாடை முழுதாகப் போகும்வரை பாம்பை விடாதீர்கள், நான் இரண்டு வாரம் விட்டேன். பூஞ்சணம் பிடிக்காது என்று எழுதிய குளியலறைச் சிலிக்கனில் நஞ்சு கலந்திருக்கும், மீன் தொட்டிக்குரியதை வாங்குங்கள். பலகைக்குப் பூசிய வார்னிஷும் அப்படியே. மரவேலைத் தளத்தில் பைனஸ், யூகலிப்டஸ் தூள் சும்மா கிடைக்கிறதே என்று விரித்துவிடாதீர்கள், அந்த எண்ணெய் வாசம் நமக்கு நன்றாக இருக்கும், பாம்பின் நுரையீரலுக்கு ஆகாது. அந்த அறையில் நுளம்புச் சுருளும் பூச்சி ஸ்பிரேயும் வேண்டாம்.

இரும்புத் துரு வாடையும் வரும். துருவை நனைத்துச் சுரண்டி, உலர்த்தி, தண்ணீரில் கலக்கும் வகைப் பெயின்ட் பூசிக் காயவிட்டால் போதும்.

மூக்கைக் கண்ணாடியில் தேய்த்துத் தேய்த்துப் புண்

நாலு பக்கமும் திறந்த வெளியாகத் தெரிகிறது அதற்கு. மீனை நாம் சுற்றி நின்று பார்க்கலாம், பாம்பு ஒளிந்து வாழும் உயிர். பின்பக்கத்தையும் ஓரங்களையும் வெளியே கடதாசி ஒட்டி மறையுங்கள், முன்பக்கம் மட்டும் திறந்திருந்தால் போதும். ஒளிவிடம் இரண்டு வேண்டும், சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர்ப் பக்கம் ஒன்று. ஒன்றே ஒன்று இருந்தால் சூடா பாதுகாப்பா என்று அது தேர்ந்தெடுக்க வேண்டிவரும். உடைந்த மண் பூச்சட்டியைக் கவிழ்த்து விளிம்பைத் தேய்த்து வைத்திருக்கிறேன். சுருண்டால் முதுகு சட்டியில் படும் அளவுதான் நல்லது, பெரிய இடம் கொடுத்தால் பயம் போகாது. இவ்வளவும் செய்த பிறகும் ஓயாமல் அலைந்தால் இடம் காணவில்லை. சோளப் பாம்பு நான்கு ஐந்து அடி வரை வளரும். மூன்றடித் தொட்டி வளரும் பாம்புக்குச் சரி, முழு வளர்த்திக்கு நான்கடிப் பெட்டி தயார் செய்யத் தொடங்குங்கள்.

சாப்பிடவில்லை, அல்லது சாப்பிட்டதைக் கக்கிவிட்டது

கக்கினால் முதலில் சூட்டைப் பாருங்கள். குளிரில் செரிக்காது, வயிற்றுக்குள் எலி அழுகத் தொடங்கினால் வெளியே தள்ளத்தான் செய்யும். சூட்டுப் பக்கத்துத் தரை 30இல் இருக்கிறதா, இரவிலும் இருந்ததா? சூடு சரி என்றால் எலியின் அளவு. பாம்பின் உடம்பில் தடித்த இடத்தின் பருமனுக்கு மேல் வேண்டாம். சாப்பிட்டு இரண்டு நாளுக்குக் கையில் எடுக்கக் கூடாது. கக்கியதும் இரக்கப்பட்டு மறுநாளே தீனி போடுவதுதான் பெரிய பிழை, தொண்டையும் வயிறும் ஆற இரண்டு வாரம் விடுங்கள், தண்ணீர் மட்டும் இருக்கட்டும். பிறகு பாதி அளவு. இரண்டாம் முறையும் கக்கினால் காத்திருக்காமல் வைத்தியர்.

சாப்பிடாமல் இருப்பதற்குக் கண் பால் நிறமாகியிருப்பது காரணம் என்றால் தோல் உரியும்வரை விட்டுவிடலாம்.

வாயைத் திறந்தபடி தலையைத் தூக்கி வைத்திருக்கிறது, மூச்சில் விசில், வாயோரம் நுரை

இது வீட்டில் தீரும் கோளாறு இல்லை. குளிரும் ஈரமும் தேங்கிய காற்றும் சேர்ந்தால் நுரையீரலில் கிருமி இறங்கும். பேராதனைப் பல்கலைக்கழகத்து மிருக வைத்திய பீட வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள், தொட்டியின் சூட்டு எண்களை எழுதி எடுத்துப் போனால் வைத்தியருக்கு உதவும். துணிப்பையில் கட்டி, காற்றுத் துளையிட்ட ரிஜிபோம் பெட்டியில் வைத்து, துவாயில் சுற்றிய வெந்நீர்ப் போத்தலை ஒரு ஓரத்தில் வையுங்கள். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று இறங்க இறங்க வெளியே சூடு ஏறும், நாவலப்பிட்டி தாண்டியதும் போத்தலை எடுத்துவிடுங்கள். காரின் டிக்கியில் போடாமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்க் கோப்பையில் கறுப்புப் பொட்டுகள் மிதந்தால் அது உண்ணி. பழைய தொட்டியின் புட்டிச் சந்துகளில் குடியிருக்கும். பாம்பைத் தனி டப்பாவுக்கு மாற்றி, தொட்டியைக் கொதிநீர்த் துணியால் சந்து சந்தாகத் துடைத்து, விரித்ததையெல்லாம் எரித்துவிட்டு, மருந்தை வைத்தியரிடம் கேட்டுப் போடுங்கள்.

கரண்ட் போய்விட்டது

மழைக் காலத்தில் மரம் விழுந்து லைன் அறுவது நமக்குப் புதிதல்ல. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க 13 மணித்தியாலம் வெட்டினார்களே, அப்போது பட்ட அனுபவம் இப்போதும் கைகொடுக்கிறது. முதலில் பல்பின் பிளக்கைக் கழற்றி, அது ஆறும்வரை விடுங்கள். பிறகு கம்பளியால் தொட்டியை மூன்று பக்கமும் மேலேயும் போர்த்தி, பலகைத் துளைகளை மட்டும் திறந்து விடுங்கள். கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் நிரப்பிய போத்தலைத் துவாயில் சுற்றி, மூடி இறுகியிருக்கிறதா என்று கவிழ்த்துப் பார்த்துவிட்டு, ஒளிவிடத்துக்கு வெளியே வையுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். கரியடுப்பை அறைக்குள் கொண்டுவராதீர்கள், அதிலிருந்து வரும் நச்சு வாயு ஆளையே கொல்லும்.

ஓர் இரவு 18 பாகைக்கு இறங்குவதை ஆரோக்கியமான சோளப் பாம்பு தாங்கும். அன்றைக்குத்தான் சாப்பிட்டிருந்தால் மட்டும் அந்த இரவு விழித்திருக்க வேண்டும். அதனால் காற்றும் மழையும் பலக்கும் என்று வானிலை அறிக்கை சொல்லும் நாளில் நான் எலியை வெளியே எடுப்பதில்லை, பிரீசரிலேயே விட்டுவிடுகிறேன். கரண்ட் வந்ததும் கம்பளியை எடுத்த பிறகுதான் பல்பின் பிளக்கைச் செருக வேண்டும்.